ஞானமுத்து மூடிய சிலிண்டர்

சிங்காநல்லூரில் பெரிய ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை இருக்கிறது. கிரேன்களின் ஹைட்ராலிக் சிலிண்டரைக் கழற்றிப் பழுது பார்க்கிற இடம். அங்கே இருபத்திரண்டு வருஷமாக ஞானமுத்து வேலை பார்க்கிறார். ஐம்பத்தாறு வயது, தட்டையான மீசை, சட்டைப் பையில் எப்போதும் சர்க்கரை மாத்திரை. பத்தாவது வரை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, போர்வெல் லாரியில் ஏறி ஒன்பது வருஷம் கர்நாடகாவிலும் ஆந்திராவிலும் தண்ணீர் தேடி அலைந்தவர். ஹைட்ராலிக் வேலையை அந்த லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டுதான் கற்றார். கல்யாணமானதும் சூசைமேரி, "லாரியா நானா, ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டார்.

சிலிண்டர் என்றதும் அடுப்படி கேஸை நினைத்துக்கொள்ள வேண்டாம். கிரேனின் நீளக் கையைக் கீழிருந்து முட்டுக் கொடுத்துத் தூக்குகிறதே, அந்தத் தடித்த இரும்புக் குழாய். குழாய்க்குப் பேரல் என்று பெயர். உள்ளே பிஸ்டன், அதோடு சேர்ந்து வெளியே வந்து போகிற பளபளப்பான ராடு. பிஸ்டனைச் சுற்றி ஒரு சீல் மாட்டியிருக்கும். எண்ணெயை அந்தப் பக்கம் போகவிடாமல் பிடித்து வைப்பது அதுதான். பத்து டன் தூக்குகிற எந்திரம் கடைசியில் இந்தச் சாண் அகல வளையத்தை நம்பித்தான் நிற்கிறது. பேரலின் உட்பக்கம் கீறல் இருந்தால் வளையம் கிழியும். கிழிந்தால் கிரேனின் கை இறங்கும். கைக்குக் கீழே ஆள் நிற்பான். நம் ஊரில் "கீழே நிற்காதீர்கள்" என்று எழுதி வைத்த இடத்தில்தானே வெயிலுக்கு ஒதுங்குவார்கள்.

அதனால்தான் ஞானமுத்துவின் விரலுக்கு அவ்வளவு மதிப்பு. பேரலுக்குள் தோள் வரை கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, விரல் நுனியால் ஒரு சுற்றுத் தடவுவார். "செரி, மூடலாம்" என்றால் மூடலாம். மற்ற பட்டறைகளில் குச்சியில் பருத்தித் துணியைச் சுற்றி உள்ளே விட்டு இழுப்பார்கள். கீறல் இருந்தால் நூல் சிக்கும். அதைக் கண்டால் ஞானமுத்துவுக்குச் சிரிப்பு வரும். "துணிக்கு என்னங்க தெரியும்" என்பார். கொஞ்சம் தலைக்கனம்தான். ஆனால் வேலை தெரிந்தவனின் தலைக்கனத்தை யாரும் பெரிசாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, சுந்தரராஜுலு என்பவரின் கிரேன் பட்டறைக்கு வந்தது. கருங்கல் பலகை ஒன்று சரிந்து விழுந்து ராடு வளைந்துபோயிருந்தது. சித்திரையில் ஞானமுத்துவே பழுது பார்த்து அனுப்பிய சிலிண்டர். கிரேனின் கையைத் தணித்து மரக்கட்டை அடுக்கி முட்டுக் கொடுத்தார். இன்ஜினை அணைத்துவிட்டு லீவர்களை முன்னும் பின்னும் ஆட்டி உள்ளே அடைந்திருந்த அழுத்தத்தை இறக்கினார். எண்ணெய் போகிற ஓஸ்களைக் கழற்றி, தூசி போகாமல் வாயைப் பிளாஸ்டிக் கவரால் கட்டினார். பாரம் தூக்குகிற சங்கிலியான செயின் பிளாக்கில் சிலிண்டரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அதைக் கிரேனோடு இணைக்கிற இரும்புப் பின்னைத் தட்டி எடுத்தார். அரை நாளில் சிலிண்டர் மேசை மேல் இருந்தது. எண்ணெயை வடித்துவிட்டு மூடியைத் திருகப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. மூடியை இறுக்கி முடித்ததும், மூடியில் ஒன்றும் பேரலில் ஒன்றுமாக, நேருக்கு நேர் இரண்டு புள்ளி குத்தி வைப்பார். மறுபடி கழற்றும்போது அது எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று தெரியும். இப்போது பார்த்தால் இரண்டு புள்ளியும் ஒரு விரற்கடை தள்ளித் தள்ளி இருந்தன. சரி, ஓட்டத்தில் தளர்ந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு கழற்றினார். பிஸ்டனை வெளியே இழுத்தார். அதில் மாட்டியிருந்தது நீல சீல்.

அவர் போட்டது பச்சை. சந்தேகமே இல்லை. அன்றைக்கு நீலம் இருப்பில்லை என்று தாஜுன்னிசாதான் பச்சையை எடுத்துக் கொடுத்தாள். தாஜுன்னிசா பட்டறையின் சீல் அலமாரிக்கும், முடித்த சிலிண்டரை அழுத்தம் ஏற்றிச் சோதிக்கிற மேசைக்கும் பொறுப்பு. நாற்பது வயதுக்காரி, மோட்டார் கம்பெனியில் இருந்து வந்தவள், அளந்து பேசுகிறவள்.

வேறு பட்டறையில் கொடுத்து அவிழ்த்திருப்பார்களோ? சுந்தரராஜுலுவுக்குப் போன் போட்டார்.

"ஏனுங்க, நடுவுல இந்த சிலிண்டர வேற யாருகிட்டயாச்சும் காட்டுனீங்களா?"

"அட என்னங்க நீங்க! உங்க கையத் தவிர வேற கை படலீங்க. பட உடுவனுங்களா?"

ஞானமுத்துவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வெளியே யாரும் தொடவில்லை. உள்ளே கழற்றி மாட்டுகிற ஆள் அவர் ஒருவர்தான். அப்படியென்றால் அவரே பச்சையைப் போட்டு, அவரே அவிழ்த்து, அவரே நீலத்தை மாட்டிவிட்டு, அவரே மறந்தும் போயிருக்க வேண்டும். இந்த நினைப்பை அவரால் லேசாகத் தள்ளிவிட முடியவில்லை. காரணம் இருக்கிறது. அவருடைய அப்பா கடைசி மூன்று வருஷம் எல்லாவற்றையும் மறந்துவிட்டார். சோறு ஊட்டப் போன பெற்ற மகனையே, "ஏனுங்க, நீங்க எந்த ஊருங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். அதே பாதையில் நாமும் கிளம்பிவிட்டோமோ என்று ஞானமுத்து பயந்தார். மறதிக்காரன் மூடிய சிலிண்டருக்குக் கீழே ஆள் நிற்கலாமா? தன் தலை சரியில்லை என்றால் இனி இந்த வேலையைத் தொடக்கூடாது என்று அவருக்கே தெரிந்தது. இந்த வேலையை விட்டால் வேறு என்ன என்பது மட்டும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் சூசைமேரியிடம் கேட்டார். "ஏம் புள்ள, நான் மறக்கறனா?"

"நாலு நாளா வாழப்பழம் வாங்கீட்டு வாங்கன்னு சொல்றேன்."

"அதில்ல. நெசமாலுமே."

"நீங்க மறக்கறதெல்லாம் வேணுமுன்னே மறக்கறதுங்க. அதுக்கு வைத்தியம் கெடையாது."

சூசைமேரியின் பதிலில் ஆறுதலும் இல்லை, தெளிவும் இல்லை. படுக்கும்போது ஜெபத்தைச் சொன்னவர், நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டோமோ என்று சந்தேகப்பட்டு முதலில் இருந்து சொன்னார். மறுபடி சந்தேகம். மூன்றாவது தடவை சூசைமேரி திரும்பிப் படுத்து, "சாமிக்கு ஒரு வாட்டி சொன்னாப் போதுங்க" என்றாள்.

ஆனால் ஞானமுத்து சும்மா குழம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை. தன்னையே சோதித்துப் பார்க்க முடிவு செய்தார். அந்த வாரம் இன்னொரு சிலிண்டர் முடிந்தது. சனிக்கிழமை அதற்குப் பச்சை சீல் போட்டு, மூடுவதற்கு முன்னால் யாரும் பார்க்காதபோது போனில் படம் எடுத்துக்கொண்டார். மூடினார், இரண்டு புள்ளி குத்தினார், அதையும் படம் எடுத்தார். திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வெளியே போனதும் அதே சிலிண்டரை அவிழ்த்தார். புள்ளி தள்ளி இருந்தது. உள்ளே நீலம்.

போனை எடுத்துப் பார்த்தார். பச்சை. பிஸ்டனைப் பார்த்தார். நீலம். தலையில் கோளாறு இல்லை என்று தெரிந்ததும் அப்படியே எண்ணெய்த் தரையில் உட்கார்ந்து, "மாதாவே, நன்றி" என்றார். அந்த நிம்மதி மேல்மூடியைத் திரும்ப மாட்டுகிற வரைக்கும்கூட நிற்கவில்லை. அவர் செய்யவில்லை என்றால் யார் செய்தது? எதற்காக? நல்ல புது சீலைக் கழற்றிவிட்டு இன்னொரு புது சீலை மாட்டுகிற திருடன் உலகத்தில் உண்டா?

தாஜுன்னிசா வந்ததும் கேட்டார். "ஏனம்மிணி, இந்த சிலிண்டர யாராச்சும் தொட்டாங்களா?"

அவள் அலமாரிச் சாவியைக் கையில் உருட்டினாள். "தெரியலீங்ணா. சோதன மேசைப் பம்புக்கு எண்ணெய் மாத்தோணும், இருங்க வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான், சாயங்காலம் வரை அந்தப் பம்பையே சுற்றிக்கொண்டிருந்தாள். ஞானமுத்து முதலாளி குமாரசாமியிடம் போனார். குமாரசாமி கொடுமுடிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் இருந்து வந்தவர், ஞானமுத்துவை விடப் பத்து வயது இளையவர். பட்டறை தொடங்கிய முதல் நாள் ஞானமுத்துவோடுதான் கதவைத் திறந்தார்.

"சீல் மாறியிருக்குதுங்க மொதலாளி."

"அப்படீங்களா? இருக்கும் இருக்கும். அண்ணா சாப்ட்டாச்சுங்களா?"

"சாப்ட்டனுங்க. நான் போட்டது பச்சைங்க."

"பச்சையும் நல்லதுதானுங்க. நீலமும் நல்லதுதானுங்க. ஊட்டுல அக்கா சௌக்கியமுங்களா?"

இந்த ஊரில் ஒருவர் உங்களிடம் எதையோ மறைக்கிறார் என்றால் குரலை உயர்த்த மாட்டார். உங்கள் வீட்டில் ஒவ்வொருவரையும் வரிசையாகச் சௌக்கியம் விசாரிப்பார். ஞானமுத்துவும் இந்த ஊர்க்காரர்தான், அதனால் அதற்கு மேல் கேட்க அவருக்கும் வாய் வரவில்லை. ஏதோ தன் முதுகுக்குப் பின்னால் நடக்கிறது என்பது மட்டும் உறைத்தது. தாஜுன்னிசா சீலில் ஏதோ விளையாடுகிறாளா, அதற்கு முதலாளி உடந்தையா, தன்னை அனுப்பப் பார்க்கிறார்களா என்று அந்த வாரம் முழுக்க ஏதேதோ கணக்குப் போட்டார். எதுவும் ஒட்டவில்லை. சனிக்கிழமை மூடுவது திங்கட்கிழமை மாறியிருக்கிறது. நடுவில் இருப்பது ஒரே நாள். அவர் இருபத்திரண்டு வருஷமாகப் பட்டறைப் பக்கமே வராத நாள்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்ததும் சூசைமேரியை பஸ் ஏற்றிவிட்டு, வெள்ளைச் சட்டை வேட்டியோடு பட்டறைக்கு வந்தார். ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. உள்ளே பேரலைத் தேய்க்கிற சத்தம். குனிந்து நுழைந்தார். குமாரசாமி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, டிரில்லில் தேய்ப்புக் கல் மாட்டி, நேற்று ஞானமுத்து மூடிய பேரலின் உள்ளே விட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தாஜுன்னிசா, கையில் துணி சுற்றிய குச்சி. மேசை மேல் நீல சீல்.

டிரில் அணைந்தது. குமாரசாமிதான் முதலில் சுதாரித்தார்.

"வாங்ணா! கோயிலுக்குப் போய்ட்டு வந்தாச்சுங்களா? டீ சொல்லட்டுங்களா?"

"டீ கெடக்கட்டுங்க. இதென்னங்க இது?"

குமாரசாமி தரையைப் பார்த்தார். தாஜுன்னிசாதான் இன்னொரு பேரலைக் காட்டினாள். அதுவும் ஞானமுத்து வெள்ளிக்கிழமை தடவிப் பார்த்து "செரி" என்று சொன்னது. "கையை விட்டுப் பாருங்ணா" என்றாள். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு விட்டுப் பார்த்தார். எப்போதும்போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணாடியாட்டம் இருக்குது."

அவள் குச்சியை விட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே எடுத்தாள். துணியில் பத்துப் பதினைந்து நூல் பிய்ந்து தொங்கியது. ஞானமுத்து மறுபடி கையை விட்டார். அதே இடத்தில் அழுத்தித் தடவினார். கண்ணாடிதான். வலது கையை எடுத்துவிட்டு இடது கையை விட்டார். அதுவும் கண்ணாடி. சர்க்கரைக்கு மாத்திரை கொடுத்த டாக்டர் காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார், மரத்துப்போகும் என்று. அவரும் தினம் காலைத்தான் பார்த்தார். கையைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

"எத்தன நாளா?" என்றார்.

"போன கார்த்திகையில இருந்துங்ணா," என்றார் குமாரசாமி. "ஒரு சிலிண்டர் மூணாம் நாளே திரும்பி வந்துச்சு. அவுத்துப் பாத்தா உள்ள கோடு. அப்பறம் எல்லாத்தையும் அவுத்துப் பாத்தோம், கோடு இருந்தாத் தேச்சுட்டு, ஒரசுன சீல எடுத்துட்டுப் புதுசு போட்டோம்... நீங்க ஞாயித்துக்கெழம வர மாட்டீங்க, அதனால..."

"ஒரு வார்த்தை சொல்றதுக்கென்னங்க?"

"உங்ககிட்டப் போயி எப்படிங்ணா சொல்றது? உங்க மூஞ்சியப் பாத்தா வாய் வரலீங்க."

ஞானமுத்துவுக்குக் கோபம் வந்தது, வெட்கமும் வந்தது. எது முதலில் வந்தது என்றுகூடத் தெரியவில்லை. எட்டு மாசமாக இவர் பேரலைத் தடவி, கண்ணை மூடி, தலையை ஆட்டுவதை இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்கிறார்கள். ஒரு பொம்மையைப் போல உட்கார வைத்து மரியாதை செய்திருக்கிறார்கள். ஞாயிறுதோறும் தன் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து தாஜுன்னிசா இந்த எண்ணெயில் நின்றதும் அந்த மரியாதையில்தான் சேர்த்தி. இவர்களைத் திட்டுவதா, காலில் விழுவதா? நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே சுற்றினார். அப்புறம்தான் அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றியது.

"நீங்க பாக்காம வெளிய போனது ஏதாச்சும் இருக்குதுங்களா?"

தாஜுன்னிசா முதலாளியைப் பார்த்தாள். குமாரசாமி, "ஒண்ணே ஒண்ணுதானுங்ணா," என்றார். "பொள்ளாச்சி."

மூன்று வாரத்துக்கு முன்னால் பொள்ளாச்சிக்குத் தெற்கே ஒரு தேங்காய் நார் மில்லுக்கு ஞானமுத்துவே போய், கிரேன் நின்ற இடத்திலேயே கழற்றி, தடவி, மூடிவிட்டு வந்தார். அங்கே பழைய எந்திரங்களை எடுத்துவிட்டுப் புதுசு இறக்குகிறார்கள். கீழே ஆறேழு பேர் கயிறு பிடித்து நிற்பார்கள், பெண்களும் உண்டு.

"அவங்களுக்குப் போன் பண்ணீட்டேதான் இருக்கறனுங்ணா, நல்லா ஓடுதுன்னுதான் சொல்றாங்க" என்றார் குமாரசாமி.

"அவங்களும் மரியாதைக்குச் சொல்லியிருப்பாங்க!" என்று ஞானமுத்து கத்தினார். அந்தப் பட்டறையில் அவர் கத்தியது அதுதான் முதல் தடவை. "மொதல்ல கிரேன நிறுத்தச் சொல்லுங்க. நாளைக்கு வெடிய நானும் தாஜுவும் போறோம்."

திங்கட்கிழமை காலை குமாரசாமியின் பிக்கப் வண்டியில் இருவரும் போனார்கள். கிரேன் ஆபரேட்டர் நிதீஷ் மில் வாசலிலேயே நின்றான். "நல்லாத்தானுங்க ஓடுச்சு, எதுக்குங்க நிறுத்தச் சொன்னீங்க?" என்றான். ஞானமுத்து கட்டை அடுக்கி, அழுத்தம் இறக்கி, ஓஸ் கழற்றி, பின்னைத் தட்டி எடுத்தார். அந்த வேலையில் அவர் கை இன்னும் சுத்தமாகத்தான் இருந்தது. மூடியைத் திருகும் முன் பார்த்தார். அவர் குத்திய இரண்டு புள்ளியும் நேருக்கு நேர் இருந்தன, அவருக்குப் பிறகு யாரும் திறந்து பார்க்கவில்லை. மூடியைக் கழற்றி, பிஸ்டனை இழுத்து வைத்துவிட்டு, பேரலின் வாயை விட்டு ஒதுங்கி நின்றார்.

"நீ பாரு அம்மிணி."

தாஜுன்னிசா குச்சியை விட்டுச் சுற்றி எடுத்தாள். துணியில் ஒரே ஒரு நூல் பிய்ந்திருந்தது. ஒரு நூல் என்றால் ஒன்றுமில்லாததாகவும் இருக்கலாம், ஆழமான கோட்டின் ஒரு முனையாகவும் இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியது விரல்தான். அவள் கையை உள்ளே விட்டாள். வெகுநேரம் தடவினாள். வெளியே எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டே, "லேசாத்தானுங்ணா இருக்குது," என்றாள். "இது ஓடும்."

ஞானமுத்துவுக்கு மூச்சு வந்தது. ஆனால் அரை நிமிஷம்தான். அவள் முகத்தைப் பார்த்தார். எட்டு மாசமாக அவர் பார்த்துக்கொண்டிருந்த அதே முகம், அதே பணிவு. இவள் சொல்வது பேரலைப் பற்றியா, தன்னைப் பற்றியா என்று அவருக்குத் தெரியவில்லை. தானே கையை விட்டுப் பார்த்துக்கொள்ளவும் வழியில்லை. அங்கே நிழலில் கயிறு பிடிக்கிற ஆட்கள் உட்கார்ந்து, எப்போது வேலை தொடங்கும் என்று இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தாஜு," என்றார். "இத நான் மூடலைன்னு வெச்சுக்க. வேற எவனோ மூடுனான். அப்ப என்ன சொல்லுவ?"

அவள் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். கண் கலங்கியது.

"மாத்தோணுமுன்னு சொல்லுவனுங்ணா."

ஞானமுத்து தலையை ஆட்டினார். இதற்குள் நிதீஷ் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து, வழக்கம்போல அவரிடம்தான் கேட்டான்.

"ஏனுங்ணா, மூடலாமுங்களா?"

"என்னக் கேக்காதீங்க தம்பி," என்றார் ஞானமுத்து. "அம்மிணியக் கேளுங்க."

நிதீஷ் அவளைப் பார்த்தான். தாஜுன்னிசா ஞானமுத்துவின் முகத்தைப் பார்க்காமல், "மூட வேண்டாமுங்க" என்றாள்.